கழிமுகத்து மீன்கள்

கழி என்னும் சொல்லைத் தமிழ் மாணவர் முதன்முதலில் சந்திப்பது நெய்தல் திணையைப் படிக்கும்போதுதான். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து, உப்பும் உவரும் ஒன்றாகித் தேங்கும் நீர்ப்பரப்பே கழி. கழியும் கானலும், தாழையும் புன்னையும், காயும் வலையும் உப்பு வண்டியும் அப்பாடல்களைக் கற்றவர் மனக்கண்முன் விரியும். கழிவு என்னும் சொல்லிலும் அதே ஒலி இருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் முடிவு செய்யட்டும். சொற்கள் உறவு கொண்டாடினவோ இல்லையோ, பொருள்கள் உறவு கொண்டுவிட்டன என்பதில் ஐயமில்லை. கழிமுகத்தில் நகரம் எழுந்தது. நகரத்தின் கழிவு கழிமுகத்தில் இறங்கியது.

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் மெர்சி ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் லிவர்பூல் நகரம் நிற்கிறது. கிழக்குக் கரையில் டைன் ஆற்றின் மேல் நியூகாசில் நிற்கிறது. அதற்குத் தெற்கே டீஸ் ஆற்றின் கழிமுகத்தைச் சுற்றி இரசாயனத் தொழிற்சாலைகள் நெருங்கி நின்றன. தொழிற்புரட்சி தொடங்கிய நாள்முதல் இந்த ஆறுகள் சுமந்தவற்றை எழுதினால் ஒரு நூல் போதாது. சாயம், எண்ணெய், நிலக்கரித் தூசி, மனிதக் கழிவு எல்லாம் கடலுக்குச் சென்றன. கடல் பெரிது, எதையும் விழுங்கிவிடும் என்று மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு மீன் உதவியது.

பிளவுண்டர் என்பது அந்த மீனின் பெயர். தட்டையான உடல் உடையது. கழிமுகத்துச் சேற்றில் படுத்துப் புழுவையும் சிறு கிளிஞ்சலையும் தின்று வாழ்வது. மலாய் மொழியில் இவ்வகைத் தட்டை மீன்களை ஈக்கான் செபெலா என்பர். செபெலா என்றால் ஒரு பக்கம் என்று பொருள். பொருத்தமான பெயர். ஏனெனில் இம்மீனின் இரண்டு கண்களும் தலையின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

பிறக்கும்போது அவ்வாறு இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் பிளவுண்டர்க் குஞ்சு ஏனைய மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண்ணுடன் நிமிர்ந்து நீந்துகிறது. சில வாரங்கள் சென்றபின் ஒரு கண் மெல்ல நகர்ந்து, தலையின் உச்சியைக் கடந்து, மறுபக்கக் கண்ணின் அருகே வந்து சேர்கிறது. மண்டையோட்டின் எலும்புகளும் அதற்கேற்ப வளைகின்றன. பின்னர் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் படுத்துவிடுகிறது. இத்தனை பெரிய மாற்றத்துக்குக் கட்டளை இடுவது எது? கழுத்துச் சுரப்பி எனப்படும் தைராய்டு சுரக்கும் ஒரு நீர். அதுவும் அளவில் மிக மிகச் சிறியது. அந்தத் துளி இல்லையேல் கண் நகராது.

ஹார்மோன் என்று அறிவியல் வழங்கும் பொருளுக்கு இயக்குநீர் என்று தமிழில் பெயரிட்டவர் நன்றாகவே சிந்தித்திருக்கிறார். அது உணவு அன்று. உடலைக் கட்டும் பொருளும் அன்று. அது ஓர் ஆணை. ஒரு சுரப்பி எழுதி அனுப்பும் மடல் குருதியில் மிதந்து செல்கிறது. அதற்கென ஏற்பி வைத்திருக்கும் உறுப்பு மட்டும் அதைப் பெற்றுக்கொண்டு சொன்னதைச் செய்கிறது. மடலை உறுப்பு படித்துப் பார்ப்பதில்லை. முத்திரை பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. முத்திரையின் வடிவம் ஒத்திருந்தால் போதும், மடலை எழுதியது யார் என்ற கேள்வி எழுவதில்லை.

பெண் மீன் சினைப்படும் பருவத்தில் அதன் சூலகம் எஸ்ட்ரடையோல் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அது கல்லீரலுக்குச் சென்று, முட்டையின் மஞ்சட்கருவுக்குரிய புரதத்தைச் செய்யுமாறு பணிக்கிறது. கல்லீரல் அப்புரதத்தைச் செய்து குருதியில் விடுகிறது. குருதி அதைச் சூலகத்துக்குச் சுமந்து செல்கிறது. அங்கே வளரும் முட்டைகள் அதை வாங்கிக்கொண்டு பருக்கின்றன. வைட்டலோஜெனின் என்பது அந்தப் புரதத்தின் பெயர். சந்தையில் வாங்கும் மீனின் வயிற்றில் மஞ்சள் நிறச் சினையைக் கண்டவர்கள் இந்த வேலையின் முடிவைக் கண்டவர்கள்.

ஆண் மீனின் கல்லீரலுக்கும் இப்புரதத்தைச் செய்யத் தெரியும். அதற்கான குறிப்பு அதன் அணுக்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆணை வருவதில்லை. ஆகவே வேலை நடப்பதில்லை. ஆண் மீனின் குருதியில் வைட்டலோஜெனின் மிகுதியாகக் காணப்பட்டால் அதற்கு ஒரே பொருள்தான்: யாரோ ஆணை அனுப்பியிருக்கிறார்கள். செய்யப்பட்ட புரதத்தை வாங்கிக்கொள்ள ஆண் மீனிடம் முட்டைகள் இல்லை. அது குருதியிலேயே தேங்குகிறது. மிகுதியாகத் தேங்கினால் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது.

இந்த ஐயம் முதலில் எழுந்தது கடலில் அன்று, ஆற்றில். 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கழிவுநீர்த் துப்புரவு நிலையங்களின் குட்டைகளில் தூண்டில் போட்டவர்கள் ரோச் என்னும் நன்னீர் மீன்களுள் சில ஆணாகவும் பெண்ணாகவும் ஒருங்கே இருப்பதைக் கண்டார்கள். அறிவியலாளர் கருவியோடு வருமுன் தூண்டிற்காரன் கண்ணோடு வந்துவிட்டான். 1980களில் ஆய்வாளர்கள் டிரவுட் மீன்களைக் கூண்டுகளில் அடைத்து, துப்புரவு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் சில வாரங்கள் வைத்துப் பார்த்தார்கள். அந்நீர் கண்ணுக்குத் தெளிவானது. மீன்கள் சாகவில்லை, நோயுற்றதாகவும் தோன்றவில்லை. ஆனால் அவற்றின் குருதியில் வைட்டலோஜெனின் பல்லாயிரம் மடங்கு பெருகியிருந்தது. 1994ஆம் ஆண்டில் இம்முடிவுகள் வெளியாயின. புருனெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜான் சம்ப்டர் இவ்வாராய்ச்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர். 1998இல் அதே பல்கலைக் கழகத்தின் சூசன் ஜோப்லிங்கும் உடனிருந்தவர்களும் ஆறுகளில் இயல்பாக வாழும் ரோச் மீன்களை ஆராய்ந்து, சில இடங்களில் பிடித்த ஆண் மீன்கள் அனைத்திலும் ஏதோ ஓர் அளவில் பெண்மைக் குறி இருப்பதை அறிவித்தார்கள்.

ஆணை அனுப்பியது யார்? விடை தேடியவர்களுக்கு ஒருவர் அல்லர், பலர் கிடைத்தார்கள். முதலாவது, மனித உடலிலிருந்து இயல்பாகவே வெளியேறும் எஸ்ட்ரடையோலும் எஸ்ட்ரோனும். பெண்ணின் உடல் இவற்றைப் பயன்படுத்திய பின்னர், செயலிழக்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்துச் சிறுநீரில் விடுகிறது. உடல் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் சாக்கடையிலும் துப்புரவு நிலையத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. கட்டவிழ்க்கப்பட்ட இயக்குநீர் மீண்டும் உயிர் பெறுகிறது. இரண்டாவது, கருத்தடை மாத்திரையில் உள்ள எதினைல் எஸ்ட்ரடையோல். 1938இல் செர்மனியில் செயற்கையாக உருவாக்கப்பட்ட இப்பொருள் எளிதில் சிதையாதபடியே அமைக்கப்பட்டது. மாத்திரைக்கு அது நன்மை. ஆற்றுக்கு அதுவே தீமை. மூன்றாவது, தொழிற்சாலைகளில் கம்பளியையும் துணியையும் கழுவப் பயன்பட்ட சலவைப் பொருள்கள் சிதைந்து பிறக்கும் நோனைல்பீனால். இது இயக்குநீராக வேண்டும் என்று எவரும் எண்ணியதில்லை. அழுக்கைப் போக்கச் செய்த பொருள் தற்செயலாக முத்திரையின் வடிவத்தைப் பெற்றிருந்தது.

இச்செய்தி செய்தித்தாள்களுக்குச் சென்றபோது என்னவாயிற்று என்பதை எளிதில் ஊகிக்கலாம். ஆண் மீன்கள் பெண்களாகின்றன என்று தலைப்புகள் எழுந்தன. நகைச்சுவைப் படங்கள் வந்தன. மாத்திரை உண்ணும் பெண்களே ஆற்றைக் கெடுத்தார்கள் என்று பேசுவோரும் தோன்றினர். மூன்றுமே தவறு. ஆண் மீன் பெண்ணாக மாறிவிடவில்லை. விந்தகத்துக்குள் முட்டையணுக்கள் சில தோன்றின, விந்துக் குழாய்கள் சில திரிந்தன, விந்தணு குறைந்தது. அவ்வளவே. அதுவே போதுமான அளவு கடுமையானது. பழியைப் பொறுத்தவரை, மாத்திரையின் பொருள் வீரியத்தில் பெரிதாயினும் அளவில் சிறிது. இயற்கை இயக்குநீர்களின் பங்கை எந்த மாத்திரைமீதும் ஏற்ற இயலாது. தொழிற்சாலையின் பங்கைப் பெண்கள்மேல் ஏற்றுவது நேர்மையும் அன்று. மாணவர்க்கு அறிவியல் செய்தியை எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வகுப்புக்குள் நுழையலாகாது.

வீரியம் என்ற சொல்லுக்கு ஓர் அளவு சொல்வது தகும். ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் என்பது நூறு கோடி லிட்டருக்கு ஒரு கிராம் ஆகும். ஒலிம்பிக் அளவிலான நீச்சல் குளம் ஒன்று ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் கொள்ளும். அத்தகைய குளங்கள் 400இல் ஒரு கிராம் கரைத்தால் கிடைப்பதே அந்தச் செறிவு. எதினைல் எஸ்ட்ரடையோல் அத்தகைய செறிவுகளிலேயே மீன் உடலில் வேலை செய்யத் தொடங்குகிறது.

ஆற்றுக்கு இது பொருந்தும், கடலுக்குப் பொருந்துமா? 1990களில் பலரும் எழுப்பிய கேள்வி இதுதான். கடலில் நீர் மிகுதி. அலை உண்டு, ஓதம் உண்டு. ஆகவே பிரிட்டனின் மீன்வள ஆய்வாளர்கள் 1996 முதல் பல கழிமுகங்களில் பிளவுண்டர் மீன்களைப் பிடித்துக் குருதி எடுத்துப் பார்த்தார்கள். நகரக் கழிவு அதிகம் சேராத கழிமுகத்து மீன்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். மெர்சியிலும் டைனிலும் டீஸிலும் வாழ்ந்த ஆண் மீன்களின் குருதியில் மஞ்சட்கருப் புரதம் பன்மடங்கு மிகுந்திருந்தது. மெர்சியில் பிடிபட்ட ஆண்களுள் சிலவற்றின் விந்தகத்தில் முட்டையணுக்களும் இருந்தன. சேறு பழம் பொருள்களைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்கிறது; புழு சேற்றைத் தின்கிறது; மீன் புழுவைத் தின்கிறது. ஓதம் கழுவிக்கொண்டு போகும் என்று எண்ணியவர்கள் சேற்றின் நினைவாற்றலைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கழிமுகம் கடலின் வாயில்தானே, உள்ளே என்ன நிலை என்று அடுத்து எழுந்தது வினா. 2006இல் வெளியான ஓர் ஆய்வு கரையிலிருந்து தொலைவில் வாழும் காட் மீனைப் பற்றியது. ஆண் காட் மீன்களின் குருதியிலும் வைட்டலோஜெனின் இருந்தது. வியப்பு என்னவெனில், சிறிய மீன்களில் அது இல்லை. ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய மீன்களிலேயே மிகுந்து காணப்பட்டது. பண்ணையில் வளர்ந்த ஆண் மீன்களிலோ அத்தகைய பெருக்கம் இல்லை. காட் பெரிதாகும்போது அதன் உணவு மாறுகிறது. கடலடியில் வாழும் பெரிய இரைகளையும் பிற மீன்களையும் உண்ணத் தொடங்குகிறது. ஆணை நீரிலிருந்து வரவில்லை, இரையிலிருந்து வருகிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மத்தியதரைக் கடலின் வாள்மீன் நெடுந்தொலைவு திரிவது, உணவுச் சங்கிலியின் உச்சியில் நிற்பது. 2001இல் சியன்னா பல்கலைக் கழகத்து ஆய்வாளர்கள் ஆண் வாள்மீன்களில் அதே புரதத்தைக் கண்டார்கள். 2003இல் வெளியான மற்றோர் இத்தாலிய ஆய்வு, பார்த்த ஆண் வாள்மீன்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் முட்டையணுக்கள் இருந்ததாகக் கூறியது. தோக்கியோ விரிகுடாவின் தட்டை மீன்களிலும் இத்தகைய குறிகள் காணப்பட்டன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் கடலில் எப்போதும் நோய் அன்று. மலேசியரும் சிங்கப்பூரரும் விரும்பி உண்ணும் சியாக்காப் மீன், தமிழகத்தார் கொடுவா என்பது, முதலில் ஆணாக முதிர்ந்து சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாகிறது. தட்டில் வரும் பெரிய சியாக்காப் பெரும்பாலும் ஒரு காலத்தில் தந்தையாக இருந்து பின் தாயானது என்று சொன்னால் மாணவர் சிரிப்பர். ஆனால் உண்மை அதுவே. கெராப்பு எனப்படும் களவா மீனினத்தில் இதற்கு நேர்மாறு. பெண்ணாகத் தொடங்கிச் சில பின்னர் ஆணாகின்றன. இம்மாற்றங்கள் அந்தந்த இனத்தின் வாழ்க்கை நெறி. தன் சுரப்பியின் ஆணையால், தன் காலத்தில், தன் இனத்தின் பெருக்கத்துக்காக அவை நிகழ்கின்றன. பிளவுண்டருக்கும் காட்டுக்கும் அத்தகைய நெறி கிடையாது. ஆகவே ஒரு மீனின் வயிற்றில் இரு குறிகளையும் கண்டவுடன் மாசு என்று கூவுவது அறிவாகாது. அந்த இனத்தின் இயல்பு யாது என முதலில் கேட்டறிய வேண்டும். வாள்மீன் பற்றியும் இவ்வினா எழுந்ததுண்டு.

போலி ஆணை எப்போதும் பெண்மையின் பக்கமே இழுப்பதும் இல்லை. சுவீடனின் பால்டிக் கரையில் விலாங்கு போன்ற உடலுடைய ஈல்பவுட் என்னும் மீன் வாழ்கிறது. முட்டையை நீரில் விடாமல் வயிற்றிலேயே பொரித்துக் குஞ்சாக ஈனும் அரிய மீன் அது. தாயின் வயிற்றைத் திறந்தால் ஒரு குடும்பத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என எண்ணிவிடலாம். அங்கே காகிதக் கூழ் ஆலை ஒன்றின் அருகே பிடித்த தாய்மீன்களின் வயிற்றில் ஆண் குஞ்சுகள் மிகுந்திருந்தன. ஆலை சிறிது காலம் மூடிக் கிடந்தது. குஞ்சுகளின் பால் உருவாகும் பருவமும் அதுவாகவே அமைந்தது. அவ்வாண்டு ஆணும் பெண்ணும் சமமாக இருந்தன. ஆலை மீண்டும் ஓடியது. ஆண் குஞ்சுகளும் மீண்டும் மிகுந்தன. 2002இல் வெளியான இந்த ஆய்வில் ஆய்வாளர் திட்டமிட்டுச் செய்த சோதனை எதுவும் இல்லை. ஆலை தன் வசதிக்காகக் கதவை மூடித் திறந்தது. மீன் தன் வயிற்றில் விடையை எழுதியது.

மீன் அல்லாத ஓர் உயிரின் கதையையும் இங்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கப்பலின் அடிப்புறத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டி வளராமல் இருக்க டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயத்தை 1960கள் முதல் பூசி வந்தார்கள். 1970இல் இங்கிலாந்தின் பிளிமத் கரையில் டாக்வெல்க் என்னும் கடல் நத்தையை ஆராய்ந்த ஸ்டீபன் பிளேபர், பெண் நத்தைகளில் ஆண் உறுப்பு முளைத்திருப்பதைக் கண்டார். அது சாயத்தின் வேலை என்பது அன்று எவருக்கும் தெரியாது. பதினாறு ஆண்டுகள் சென்றபின், 1986இல், பிளிமத் ஆய்வாளர்களான பிரயனும் கிப்சும் அதைச் சாயத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார்கள். முளைத்த உறுப்பு முட்டை வெளிவரும் வழியை அடைத்துவிடுகிறது. முட்டைகள் உள்ளேயே தங்கி, பெண் நத்தை வெடித்துச் சாவதும் உண்டு. ஒரு லிட்டரில் ஒரு நானோகிராம் அளவே இம்மாற்றத்தைத் தொடங்கப் போதும். பிரான்சின் ஆர்க்கசோன் விரிகுடாவில் இதே சாயம் சிப்பி வளர்ப்போரின் வாழ்வையே கவிழ்த்தது. சிப்பிக் குஞ்சுகள் நிலைக்கவில்லை, வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்து உருக்குலைந்தன. ஆகவே பிரான்சு 1982இலேயே சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. பிரிட்டன் 1987இல் பின்தொடர்ந்தது.

பிளிமத்தின் நத்தைக்கும் தென்கிழக்காசியாவுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. உலகின் கப்பல்கள் நெருங்கிச் செல்லும் வழிகளுள் ஒன்று மலாக்கா நீரிணை. அதன் கோடியில் சிங்கப்பூர்த் துறைமுகம். 1990களில் தாய்லாந்து வளைகுடாவிலும் மலாக்கா நீரிணையிலும் கடல் நத்தைகளை ஆராய்ந்தவர்கள், கப்பல் போக்குவரத்து மிகுந்த இடங்களில் அதே குறி மிகுந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். பெரிய கப்பல்களை எந்த ஒரு நாட்டின் சட்டமும் தனியே கட்டுப்படுத்த இயலாது. பல நாடுகள் கூடி 2001இல் அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் வழியே ஓர் ஒப்பந்தம் செய்தன. அது நடைமுறைக்கு வந்தது 2008 செப்டம்பர் 17ஆம் நாள். பிளேபர் நத்தையைக் கண்ட நாளிலிருந்து எண்ணினால் முப்பத்தெட்டு ஆண்டுகள்.

இனி மிகக் கடினமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. ஆண் மீனின் குருதியில் புரதம் இருக்கிறது; விந்தகத்தில் சில முட்டையணுக்கள் இருக்கின்றன. அதனால் மீன் இனம் குறைந்ததா? கடலில் இதற்கு விடை காண்பது அரிது. வலை பிடிக்கிறது, கடல் வெப்பமாகிறது, இரை குறைகிறது. எந்தக் காரணம் எத்தனை மீனைக் குறைத்தது என்று பிரித்துக் காட்ட எந்தத் தராசும் இல்லை. வட கடலில் காட் குறைந்ததற்கு மிகையான மீன்பிடிப்பு முதன்மையான காரணம் என்பது தெளிவு. அந்தக் குறைவை மாசின் கணக்கில் எழுதினால் வலை தப்பித்துக்கொள்ளும். மாசைப் பேசுவோர் இந்த நேர்மையைக் கைவிடக் கூடாது.

ஆயினும் ஏரியில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. கனடாவின் ஒந்தாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. கேரன் கிட் என்பவரும் குழுவினரும் 2001 முதல் 2003 வரை கோடைதோறும் ஓர் ஏரியில் எதினைல் எஸ்ட்ரடையோலைக் கலந்து, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் இருக்குமாறு காத்தார்கள். மேலே சொன்ன நீச்சல் குளக் கணக்கில் அது 80 குளங்களுக்கு ஒரு கிராம் அளவே. ஏரியில் வாழ்ந்த பேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீனின் ஆண்கள் முட்டைப் புரதம் செய்யத் தொடங்கின. விந்தகம் வளர்ச்சி குன்றியது. புதிய குஞ்சுகள் வரவில்லை. இரண்டே ஆண்டுகளில் அவ்வினம் ஏரியிலிருந்து அழியும் நிலைக்கு வந்துவிட்டது. அம்மீனின் ஆயுள் குறுகியது. ஓரிரு தலைமுறை தவறினால் அடுத்து வர ஆளில்லை. நீண்ட ஆயுளுடைய பெரிய மீன்கள் அவ்வளவு விரைவாகக் குறையவில்லை. இரசாயனம் நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் சென்றபின் சிறுமீன் மீண்டும் பெருகியது. ஏரி கடல் ஆகாது, உண்மைதான். ஆனால் இதனால் ஓர் இனம் குறையவே முடியாது என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

கழிமுகங்களின் நிலையிலும் மாற்றம் வந்தது. ஐரோப்பிய நாடுகள் 1991இல் செய்த விதி, பெரிய நகரங்கள் தம் கழிவுநீரை நுண்ணுயிர்களைக் கொண்டு செம்மைப்படுத்திய பின்னரே வெளியே விட வேண்டும் என்றது. பிரிட்டன் கழிவுச் சேற்றைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டும் பழக்கத்தை 1998இல் நிறுத்தியது. நோனைல்பீனால் தரும் சலவைப் பொருள்களுக்கு ஐரோப்பா 2003இல் கட்டுப்பாடு விதித்தது. 1996 முதல் 2001 வரை தொடர்ந்து குருதி எடுத்தவர்கள் சில கழிமுகங்களில் ஆண் பிளவுண்டரின் புரத அளவு இறங்கி வருவதைக் கண்டார்கள். எல்லாக் கழிமுகங்களிலும் அன்று. சேற்றில் உறங்கும் பழைய பொருள்களுக்கு விதிகள் தெரியா. பி.சி.பி. எனப்படும் குளோரின் சேர்மங்களின் உற்பத்தியைப் பல நாடுகள் 1970களிலும் 1980களிலும் நிறுத்திவிட்டன. ஆனால் கடலடியிலும் மீனின் கொழுப்பிலும் அவை இன்றும் இருக்கின்றன.

தடைக்குப் பிறகு டாக்வெல்க் நத்தையும் இங்கிலாந்தின் பாறைகளுக்குத் திரும்பத் தொடங்கியது. விரைவாக அன்று. ஏனைய பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தொலைவு சென்று புதிய கரைகளில் குடியேறும். டாக்வெல்க் அப்படிச் செய்வதில்லை. அது பாறையிடுக்கில் நெல்மணி அளவான உறைகளை ஒட்டிவைக்கிறது; உறையிலிருந்து வெளிவரும் குஞ்சு மிதக்காது, ஊர்ந்துதான் செல்லும். ஒரு கரையில் எல்லாம் அழிந்துபோனால், அடுத்த கரையில் பிழைத்தவற்றின் பிள்ளைகள் பாறை பாறையாக ஊர்ந்து வந்து சேர வேண்டும். இடையில் மணற்கரை ஒன்று குறுக்கிட்டால் அதையும் கடந்தாக வேண்டும். அவ்வாறுதான் அவை வந்துகொண்டிருக்கின்றன.